ஃபோர்ஸ் மஜூர்: சொல்லும் அதன் தமிழும்

மின் நிலையம், துறைமுகம், சுங்கச் சாலை என எந்தத் திட்டத்துக்கு அயல்நாட்டு முதலீடு வந்தாலும், அதன் ஒப்பந்தத்தில் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்னும் தலைப்பில் ஒரு பிரிவு இருக்கும். கடமைப்பட்டவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதும், உரிய கவனத்துடன் நடந்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாததுமான ஒரு நிகழ்வு கடமையை நிறைவேற்றவிடாமல் தடுத்தால், அந்தத் தடை நீடிக்கும்வரை கடமை தவறிய பழி அவரைச் சேராது என்பதே அப்பிரிவின் சாரம்.

சொல் பிரெஞ்சு. ‘ஃபோர்ஸ்’ வலிமை, ‘மஜூர்’ மேலானது, மிகப் பெரியது. நீதிமன்ற வளாகங்களில் இதை ‘ஃபோர்ஸ் மேஜர்’ என்று சொல்வார்கள். ஒலிப்பு பிழையானாலும் உறவு பிழையன்று, ஆங்கில ‘மேஜர்’ என்பதும் அதே இலத்தீன் வேரில் கிளைத்ததுதான். உரோமானியச் சட்டத்தில் இதன் பெயர் ‘விஸ் மாயோர்’. கிரேக்கர் இதைக் கடவுளின் வலிமை என்பர் என்று இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் குறித்திருக்கிறார். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு இதை 1148ஆம் பிரிவில் வைத்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 1218ஆம் பிரிவில் இருக்கிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இப்படியொரு தனிக் கோட்பாடு இல்லை. எழுதி வைத்தால்தான் பாதுகாப்பு. எழுதாமல் விட்டவருக்கு, ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்னும் குறுகலான வாதம் மட்டுமே மிஞ்சும்.

இந்திய நிலையை முந்த்ரா வழக்கு தெளிவாக்கியது. குஜராத்தின் முந்த்ராவில் டாட்டா, அதானி குழுமங்கள் அமைத்த அனல்மின் நிலையங்கள் இந்தோனேசிய நிலக்கரியை நம்பியிருந்தன. ஏற்றுமதி நிலக்கரியைச் சந்தை விலையை ஒட்டியே விற்க வேண்டும், பழைய ஒப்பந்தங்களுக்கும் விலக்கில்லை என்று 2010இல் இந்தோனேசியா விதி செய்தபோது கொள்முதல் செலவு எகிறியது. மின் விற்பனைக் கட்டணமோ ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தது. இது ஃபோர்ஸ் மஜூர்தான் என்று 2016இல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. எரிபொருளின் விலை மாற்றத்தை ஒப்பந்தமே இப்பிரிவிலிருந்து வெளிப்படையாக விலக்கியிருந்தது. செலவு கூடியதால் கடமை சுமையாகியதே தவிர, முடியாததாகவில்லை. ஒப்பந்தத்திலேயே சொல்லப்பட்ட நிகழ்வானால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவும், ஒப்பந்தத்துக்குப் புறம்பானதானால் 56ஆம் பிரிவும் பொருந்தும் என்றும் அத்தீர்ப்பு வகுத்துக் காட்டியது. அவ்விரு பிரிவுகளிலும் இந்தப் பிரெஞ்சுச் சொல்லே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது.

தமிழில் இதற்கு ‘இயற்கைப் பேரிடர்’ என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. அது பொருந்தாது. நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கான இந்திய மாதிரி உரிமை ஒப்பந்தம் இந்நிகழ்வுகளை அரசியல் சாராதவை, மறைமுக அரசியல் நிகழ்வுகள், அரசியல் நிகழ்வுகள் என மூன்றாகப் பிரிக்கிறது. நிலநடுக்கம் முதல் வகை. போரும் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தமும் இரண்டாவது. அரசே சொத்தைக் கையகப்படுத்துவது மூன்றாவது. வகை மாறினால் செலவைச் சுமப்பவரும் மாறுவார். இவற்றில் பாதிக்கு மேல் இயற்கைக்குத் தொடர்பே இல்லை. ‘தெய்வச் செயல்’ என்பதும் முதல் வகையின் ஒரு பகுதியோடு நின்றுவிடும்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் மிக நெருங்கி வருவது ‘பெருவலி’. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்னும் குறளில் அது பெரும் வலிமை என்ற பொருளிலேயே நிற்கிறது; அங்கும் பேச்சு, மனித முயற்சியை முந்தி நிற்கும் ஆற்றலைப் பற்றியதுதான். ஆனால் இன்று ‘வலி’ என்றால் நோவு. ‘மேல்வலி’ என்று மாற்றினாலோ தென்மாவட்டத்துக்காரர் தைலம் தேடுவார். ஆகவே ‘தவிர்க்கவியலாத் தடை’ என்பதையே நான் ஆள்கிறேன். நிகழ்வு எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை. அதைத் தவிர்க்க முடிந்ததா, அது கடமையைத் தடுத்ததா என்று நீதிமன்றம் கேட்கும் இரண்டு கேள்விகளையும் தன்னுள் வைத்திருக்கிறது. ‘தவிர்க்கவியலாத் தடை அறிவிப்பு’, ‘தவிர்க்கவியலாத் தடைக் காலம்’ என்று ஒப்பந்த வரைவுக்கு வேண்டிய கூட்டுச்சொற்களும் இதிலிருந்து உறுத்தாமல் அமைகின்றன.