பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா? மாவட்ட இடையீட்டு மையம் என்ன செய்யும்

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் வீட்டில் முதலில் வரும் பதில், "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்." அதில் ஆறு மாதம் ஓடிவிடும். அப்புறம் குழந்தை டாக்டர், அவர் சொல்லி காது டாக்டர், அந்த ரிப்போர்ட்டோடு நரம்பு டாக்டர். போகிற இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்; குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து சிகிச்சையைத் தொடங்கும் இடம் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர்களே 'டி.இ.ஐ.சி.' என்றுதான் சொல்வார்கள். மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் ஒரு பகுதி இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு வகைக்குள் 30 பிரச்சினைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது திட்டம். அன்னப்பிளவு, வளைபாதம், பிறவி இதயக் கோளாறு, ரத்தசோகை, ஆட்டிசம் எல்லாம் இதில் வரும்.

பரிசோதனை ஊரிலேயே தொடங்குகிறது. பிரசவமான ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்ப்பார்கள். பிறகு நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வரவேண்டும். சந்தேகம் இருந்தால் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். என்னைக் கேட்டால், திட்டம் ஓட்டை விழுகிற இடம் இதுதான். சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும், வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குழு வந்துபோன அன்று மாலை பையைத் திறந்து பாருங்கள். சீட்டே இல்லாவிட்டாலும், கவலை இருந்தால் நேராக மையத்துக்கே போகலாம்.

மையத்தில் குழந்தை மருத்துவர், பல் மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் என ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா மாவட்டத்திலும் எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். யார் எந்தக் கிழமை வருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினால் ஒரு நடை மிச்சம்.

சரி, பேசாத பிள்ளைக்கு வருவோம். அங்கே முதலில் பார்ப்பது வாயை அல்ல, காதை. காது கேட்காத பிள்ளை எந்தச் சொல்லைப் பார்த்துப் பேசும்? காதுக்குள் சின்ன அடைப்பான் போல ஒன்றை வைத்து எடுக்கும் சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் 'பெரா' சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். அதனால் காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் கண்ணயர விடாமல் கூட்டிப் போங்கள். காது நன்றாக இருந்தால், அதே இடத்திலேயே உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்ப்பார்கள். கேட்கவே இல்லை என்றால் காது கேட்கும் கருவி. அதுவும் போதாதென்றால் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். இந்த அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. வயது ஏற ஏற பலன் குறையும் என்பதால்தான் இவ்வளவு அவசரம்.

இதைவிட அவசரம், குறைமாதக் குழந்தையின் விழித்திரை. அதில் வரும் கோளாறு பார்வையையே பறித்துவிடலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் கண் பார்த்தாக வேண்டும். வெளியில் பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்ப அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "பிறந்ததும் அழுதுச்சா? எத்தனை கிலோ? சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பல அம்மாக்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். யார் தப்பு என்று தேடுவதற்கான கேள்வி இல்லை அது. சில கோளாறுகள் ரத்த வழியில் வருபவை, அடுத்த பிள்ளைக்கும் முன்கூட்டியே கவனிக்கலாம் என்பதற்காகக் கேட்பது.

முடிந்தால் அப்பாவோ பாட்டியோ கூடப் போகட்டும். பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பிள்ளையோடு இருப்பார். மீதி நாளெல்லாம் குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான். பரிசோதனைக்கும் மேல்சிகிச்சைக்கும் இந்தத் திட்டத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.