துண்டு போடாத 128 பைட்

லினக்ஸ் இயங்குதளத்தின் உள்கருவான கர்னலுக்கு ஒரு சின்ன மாட்யூல் (அதில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) எழுதி, அதைக் கட்டித்தரும் ‘மேக்’ கட்டளையைத் தட்டினால் திரையில் வருவது ரொம்பச் சாதுவான ஒரு வரி: ‘சிசி [எம்] ஹலோ.ஓ’. அதையே ‘மேக் வி=1’ என்று தட்டிப் பாருங்கள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலருக்குப் போகும் கட்டளை முழுசாகக் கொட்டும். ‘ஹலோ’ சொல்கிற பத்து வரி நிரலுக்குத் திரை நிறைய ஃப்ளாக்குகள், அதாவது கம்பைலருக்கான குறிப்புகள். முதல்முறை பார்த்தபோது, இதில் பாதியை வெட்டிவிடலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஃப்ளாக்குகளில் பலவற்றின் பெயரில் ‘நோ’ இருக்கிறது. அதில்தான் விஷயம். கம்பைலர் சாதாரணமாக எழுதப்படும் நிரல்களைப் பார்த்துப் பழகியது. கீழே ஒரு இயங்குதளம் இருக்கும், தப்பு நடந்தால் அது பிடித்து நிறுத்தும் என்று நம்பிக்கொண்டுதான் வேகத்துக்கான குறுக்கு வழிகளில் இறங்கும். கர்னலுக்குக் கீழே யாரும் இல்லை. அதனால் ‘இங்கே அதை நம்பாதே’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

அவற்றில் எனக்குப் பிடித்தது ‘எம்-நோ-ரெட்-ஸோன்’. ஒரு ஃபங்ஷன் தன் உள்மாறிகளுக்கு ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் இடம் பிடிப்பது, பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி. எதுவரை பிடித்தாயிற்று என்று காட்டும் ஸ்டாக் பாயின்டரைக் கீழே நகர்த்தினால் அதுவரை உள்ள இடம் நம்முடையது. 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் லினக்ஸ் பின்பற்றும் விதிமுறை இதில் ஒரு சலுகை தருகிறது: பாயின்டருக்குக் கீழே 128 பைட் வரை துண்டு போடாமலேயே பையை வைத்துக்கொள்ளலாம், யாரும் தொடமாட்டார்கள். அதுதான் ரெட் ஸோன். வேறு எதையும் அழைக்காத குட்டி ஃபங்ஷன்களுக்கு இதனால் பாயின்டரை இறக்கி ஏற்றும் வேலை மிச்சம்.

சாதாரண நிரலில் இந்த வாக்குறுதி நிற்கிறது. நடுவில் இன்டரப்ட், அதாவது வன்பொருளின் அவசர அழைப்பு, வந்தால் சிபியு கர்னலின் ஸ்டாக்குக்கு மாறிவிடும். நம் ஸ்டாக் அப்படியே இருக்கும். சிக்னல் (நிரலுக்குக் கர்னல் அனுப்பும் தகவல்) வந்தாலும் கர்னல் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் எழுதும். ஆனால் ஓடிக்கொண்டிருப்பதே கர்னல் என்றால்? பெரும்பாலான இன்டரப்டுகளுக்கு சிபியு ஸ்டாக்கை மாற்றாது. இருக்கிற பாயின்டருக்கு நேர் கீழே, எட்டெட்டு பைட்டாக ஐந்து மதிப்புகளை எழுதும். நாற்பது பைட் போயிற்று. பிறகு இன்டரப்டைக் கவனிக்கும் நிரல் சிபியுவின் ரிஜிஸ்டர்களில் (அதற்குள்ளேயே இருக்கும் குட்டிச் சேமிப்பிடங்களில்) உள்ள மதிப்புகளை அதற்கும் கீழே அடுக்கும். துண்டு போடாமல் வைத்த பை மேல் ஆள் உட்கார்ந்தாயிற்று.

இதில் கொடுமை, எப்போதும் நடக்காது என்பதுதான். சரியாக அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும் நேரத்தில் இன்டரப்ட் வரவேண்டும். ஆயிரம் தடவை ஓடும், ஆயிரத்தொன்றாவது தடவை ஒரு மாறி காரணமே இல்லாமல் வேறு மதிப்பைக் காட்டும். நிரலை வரிவரியாகப் படித்தாலும் பிழை கிடைக்காது. நிரலில் பிழை இல்லையே.

இரண்டாவது கதை 2009இல் நடந்தது. லினக்ஸின் ‘டன்’ நெட்வொர்க் டிரைவரில் ஒரு ஃபங்ஷன், ‘டன்’ என்ற பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாக உள்ளே இருந்த ஒரு மதிப்பை முதலில் எடுத்தது. அடுத்துத்தான் அந்தப் பாயின்டர் நல் (பூஜ்ஜிய முகவரி) ஆக இருக்கிறதா என்று சோதித்தது. வரிசை மாறிய சின்னத் தப்பு. கம்பைலர் என்ன நினைத்தது? ஏற்கெனவே அதன் வழியாக மதிப்பை எடுத்தாயிற்று, அப்படியென்றால் அது நல் ஆக இருக்க முடியாது, சோதனை வீண் வேலை என்று அந்த வரியையே தூக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி அது செய்தது சரிதான். சாதாரண நிரல் நல் முகவரியைத் தொட்ட உடனே செத்திருக்கும். கர்னலிலோ, பூஜ்ஜிய முகவரியில் தாக்குபவர் தன் நினைவகப் பக்கத்தைப் பொருத்திவிட்டால், சாவதற்குப் பதில் அவர் வைத்த தரவைக் கர்னலே எடுத்துப் பயன்படுத்தும். அதைத் தடுக்க ஒரு பாதுகாப்பு இருந்தது; அதையும் சுற்றிப்போய் பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் செய்து காட்டினார். டிரைவரைத் திருத்தியதோடு ‘எஃப்-நோ-டெலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ்’ என்ற ஃப்ளாக்கும் கர்னலைக் கட்டும் விதிகள் உள்ள மேக்ஃபைலில் ஏறியது.

பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிட உதவும் எஸ்எஸ்இ, எம்எம்எக்ஸ் ரிஜிஸ்டர்களை எக்ஸ்86 கர்னலில் தடை செய்வதற்குக் காரணம் எளிது. கர்னலுக்குள் நுழையும்போதெல்லாம் அவற்றையும் சேமித்து வைப்பது வீண் செலவு. மாட்யூலில் டபுள் வகை (எஸ்எஸ்இ ரிஜிஸ்டரில் போகும் தசம எண்) மதிப்பைத் திருப்பித்தரும் ஃபங்ஷன் எழுதிப் பாருங்கள், எஸ்எஸ்இ முடக்கப்பட்டிருக்கிறது என்று ஜிசிசி முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். வெப்பநிலை சென்சார் 45 டிகிரியை மில்லிடிகிரியில் 45000 என்று காட்டுவதும் இந்தத் தசமப்புள்ளி இல்லாத உலகத்தின் வழக்கம்தான்.

இவ்வளவையும் நாமே தட்டவேண்டியதில்லை. நம் மேக்ஃபைலில் ‘ஆப்ஜ்-எம்’ என்று ஒரு வரி. மற்றதைக் கர்னலின் கட்டுமான அமைப்பான கேபில்ட் பார்த்துக்கொள்ளும். ஹெடர்ஸ் பொதியில் இருக்கும் அதே அமைப்புகளை எடுத்து, கர்னல் கட்டப்பட்ட அதே ஃப்ளாக்குகளை மாட்யூலுக்கும் போடும். முன்பெல்லாம் பலர் ‘சிஃப்ளாக்ஸ்’ மாறியில் கைவைத்துக் கர்னலின் ஃப்ளாக்குகளைக் குழப்பியடித்தார்கள். 2.6.24 பதிப்பில், அப்படிச் செய்தால் கேபில்ட் கோபித்துக்கொண்டு நின்றுவிடும்படி மாற்றினார்கள். நமக்கென்று கூடுதலாக ஏதாவது வேண்டுமென்றால் ‘சிசிஃப்ளாக்ஸ்-ஒய்’யில் எழுதலாம்.

மாட்யூலை ஏற்றும்போது கர்னல் சோதிக்காதா என்று கேட்கலாம். சோதிக்கும். வெர்மேஜிக் என்றொரு சரத்தில் கர்னல் பதிப்பு, எஸ்எம்பி (பல சிபியு ஆதரவு) உண்டா என்பது போன்ற விவரங்கள் இருக்கும். பொருந்தாவிட்டால் ‘தவறான மாட்யூல் வடிவம்’ என்று தள்ளிவிடும். ஆனால் ரெட் ஸோன் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்த ஃப்ளாக் இல்லாமல் கட்டிய மாட்யூலும் சத்தமில்லாமல் ஏறி உட்காரும். 2018இல் சிபியுக்களின் ஸ்பெக்டர் குறைபாடு வெளிவந்த பிறகு, அதற்குத் தடுப்பான ரெட்பொலைன் ஃப்ளாக்குக்கு மட்டும் ஒரு அடையாளம் வந்தது. அது இல்லாத மாட்யூலைக் கர்னல் எச்சரிக்கையோடு ஏற்றும்.

நம் மாட்யூல் எந்த ஃப்ளாக்குகளோடு கட்டப்பட்டது என்று தெரியவேண்டுமா? ஹலோ.ஓ கோப்புக்குப் பக்கத்தில் புள்ளியில் தொடங்கும் மறைவான ‘.ஹலோ.ஓ.சிஎம்டி’ இருக்கும். முழுக் கட்டளையும் அதில் இருக்கிறது. அடுத்த முறை மேக் ஓடும்போது கேபில்ட் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். நிரலில் ஒரு எழுத்தும் மாறாவிட்டாலும், ஒரு ஃப்ளாக் மாறியிருந்தால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்துவிடும்.