போர்த்தும் பொந்தைக்கும் மாட்டும் குவில்ட்டுக்கும் ஒரே மார்க் போடாதீர்கள்

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கம் தையல் கற்றுக்கொடுக்கிறேன். மகளிர் குழுக்கள் நடத்தும் கைவேலைக் கண்காட்சிகளில் மார்க் போடவும் கூப்பிடுவார்கள். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கும் தகராறு ஒன்று உண்டு. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த பொந்தையும், சுவரில் மாட்டுவதற்கென்றே துணிகளை அடுக்கிப் படம்போலத் தைத்த ஆர்ட் குவில்ட்டும் ஒரே போட்டியில் இருக்கும். "இதைப் போர்த்திக்கொள்ள முடியுமா?" என்று ஒரு தரப்பு கேட்கும். "வீட்டுக்கு வீடு இருப்பதுதானே, இதில் என்ன புதுசு?" என்று இன்னொரு தரப்பு. பரிசு எதற்குப் போனாலும் ஒருத்தர் மனம் நொந்துதான் வீட்டுக்குப் போவார். போட்டியைப் பிரித்து வைத்தாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

பொந்தையைக் கையில் எடுத்ததும் நான் திருப்பித்தான் பார்ப்பேன். ஓட்டுத் தையல் ஒரே இடைவெளியில் போகிறதா, அடித்துணி சுருங்கித் தையலில் மாட்டியிருக்கிறதா, ஓரப்பட்டி உள்ளே காலியாக இல்லாமல் நிறைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். நாலாக மடித்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். அமெரிக்கக் கைத்தையலில் அங்குலத்துக்கு 8, 10 தையல் வந்தால் நல்ல வேலை என்பார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து மார்க்கைக் குறைப்பது அநியாயம். அங்கே இரண்டு துணிக்கு நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. இங்கே நாலைந்து மடிப்புச் சேலையில் தடித்த நூல். எண்ணிக்கையை விடுங்கள், சீராக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சாயம். நனைத்த வெள்ளைத் துணியைப் பின்பக்க ஓரத்தில் சிவப்பு, கருநீலத்தின் மேல் ஒற்றிப் பார்ப்பேன். தறியில் மிஞ்சும் புதுத் துணித் துண்டுகளை அலசாமல் அப்படியே தைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பொந்தை துவைக்கிற பொருள். முதல் அலசலிலேயே வெள்ளையில் சிவப்பு இறங்கினால் அத்தனை உழைப்பும் வீண். தைப்பதற்கு முன்பே துண்டுகளை அலசிக் காயவையுங்கள்.

ஆர்ட் குவில்ட் என்றால் முதலில் பத்தடி தள்ளி நிற்பேன். கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, தையல் கோடு படத்துக்கு உதவுகிறதா என்று பார்ப்பேன். பெயின்ட், வலைத்துணி, மணி, பிரிந்து தொங்கும் விளிம்பு எல்லாம் அதில் செல்லும். துவைக்கும் பேச்சே இல்லை. ஆனால் தொங்கவிட்டால் நேராகத் தொங்க வேண்டும். ஓரம் அலையடித்தால் "ஆர்ட்தானே" என்று நான் விடமாட்டேன்.

இந்தத் தகராறு நம் ஊரில் பிறந்ததில்லை. 1971ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில், ஜொனாதன் ஹோல்ஸ்டைனும் கேல் வான் டெர் ஹூஃபும் சேகரித்த பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை, அதாவது அடுக்கித் தைத்த போர்வைகளை, ஓவியம்போலச் சுவரில் மாட்டினார்கள். குவில்ட்டுக்குப் பெரிய மதிப்பு வந்தது. ஆனால் தைத்த பெண்கள் பலருடைய பெயர் அங்கே இல்லை. பழைய பாணிப் போட்டிகளில் இடம் கிடைக்காத கலைஞர்கள் 1979ல் ஒஹாயோவின் ஏதென்ஸ் ஊரில், ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில், 'குவில்ட் நேஷனல்' என்று தனிக் கண்காட்சியே தொடங்கினார்கள். 1989ல் கென்டக்கியின் படூக்கா கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட் முதல் பரிசு வாங்கியபோது பெரிய சர்ச்சை. துணி அடுக்குகளை மெஷினில் சேர்த்துத் தைத்த ஒன்றுக்கு அங்கே முதல் பரிசு போனது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கமும் அதே கேள்வி வருகிறது. மெஷின் வேலையும் வேலைதான். கையா, மெஷினா என்று விண்ணப்பத்தில் எழுதினால் போதும்.

வகை பிரித்தாலும் சில குவில்ட் எதிலும் அடங்காது. அலபாமாவின் கீஸ் பெண்ட் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளைக் குளிருக்காகத் தைத்துப் போர்த்தினார்கள். 2002ல் ஹூஸ்டன் நுண்கலை மியூசியம் அவற்றைச் சுவரில் மாட்டியது. அதை எந்த வகையில் சேர்ப்பது? தைத்தவர் சொல்லும் வகையில்தான். மார்க் போடுகிறவர் அந்தத் தையல் மரபைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வேன். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பாருங்கள். ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணி, 'பூலா', வைப்பார்கள். இது தெரியாதவர் கோடு வளைந்திருக்கிறது, மூலையில் துணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மார்க்கைக் குறைத்துவிடுவார். எவ்வளவு பெரிய அநியாயம்!

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொந்தையைக் கிளிப்பில் தொங்கவிடாதீர்கள். கனம் முழுவதும் நாலு இடத்தில் இறங்கி, நைந்த சேலை கிழிந்துவிடும். மேல் ஓரத்தின் பின்பக்கம் முழு அகலத்துக்கு நாலு அங்குலக் குழாய்போல ஒரு துணி தைத்து, அதற்குள் கம்பு விட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் மேசையில் விரியுங்கள். வெறும் கையால் தொடவிடாதீர்கள். கை எண்ணெய் துணியில் ஏறும். முடிந்ததும் பிளாஸ்டிக் கவரில் திணிக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றித் திருப்பிக் கொடுங்கள்.

விண்ணப்பத்தில் 'பெயர்' என்று ஒரே வரி விடுகிறீர்கள். மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து தைத்த பொந்தைக்கு, மேசைக்குக் கொண்டுவந்தவர் பெயர் மட்டும் ஏறுகிறது. நாலு வரி விடுங்கள். மாட்டும் அட்டையில் தைத்த அத்தனை பேர் பெயரையும் எழுதுங்கள், விற்றால் அந்த அட்டையையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.