காக்ளியா: நத்தையா, எலும்பா?

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பெற்றோரிடம் இப்போது அடிக்கடி கேட்கும் சொல், காக்ளியர். "பாப்பாவுக்குக் காக்ளியர் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். காக்ளியா என்பது பிறக்கும்போதே நம் எல்லாருடைய உள்காதிலும் இருக்கும் உறுப்பு. அதை யாரும் புதிதாக வைப்பதில்லை. காது கேளாதவர்களுக்குக் கேட்க உதவ, அதற்குள் மெல்லிய மின்கம்பி ஒன்றைத்தான் செருகுகிறார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கருவியைச் செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் பெயரும் காக்ளியர். உறுப்பு, கருவி, கம்பெனி மூன்றும் ஒரே சொல்லில் குடியேறிவிட்டதால், பேசுபவர் எதைச் சொல்கிறார் என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். கொக்லியாஸ் என்றால் சுருள் ஓடுடைய நத்தை. அது லத்தீனுக்குப் போய்க் கோக்லியா ஆனது. ரோமானியர்கள் நத்தையை மட்டுமல்ல, அதன் ஓடுபோல் முறுக்கிய எதையும் அப்படி அழைத்தார்கள். கிணற்றிலிருந்து நீரைச் சுழற்றி ஏற்றும் ஆர்க்கிமிடீஸ் திருகுக்கும் அதே பெயர்தான். காதுக்குள் இருக்கும் சுருளுக்கு இதைச் சூட்டியவர் இத்தாலிய உடற்கூறியலாளர் கப்ரியேலே ஃபலோப்பியோ. கருக்குழாயை ஃபலோப்பியன் குழாய் என்கிறோமே, அந்த ஃபலோப்பியோதான். 1561இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தப் பெயர் இருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. லத்தீனில் கொக்லெயாரெ என்றால் கரண்டி. ஓட்டுக்குள்ளிருந்து நத்தைக் கறியை நோண்டி எடுக்கக் கரண்டியின் கூர்மையான காம்பு பயன்பட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். பழைய மருந்துச் சீட்டுகளில் 'ஒரு கரண்டி' என்பதற்கு இந்தச் சொல்லின் சுருக்கத்தைத்தான் எழுதினார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் புகட்டும் கிண்ணத்துக்கும் சங்கு என்றுதான் பெயர். ஓடு கரண்டியான கதை ரோமில் மட்டும் நடக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பல மொழிகள் நத்தையை அப்படியே வைத்துக்கொண்டன. ஜெர்மன்காரர்கள் இந்த உறுப்பை ஷ்னெக்கே, அதாவது நத்தை என்றே சொல்கிறார்கள். டச்சு மொழியில் ஸ்லாக்கன்ஹௌஸ், நத்தை வீடு. தமிழிலும் நத்தை வந்தது. ஆனால் வரும்போது எலும்பு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்து 'நத்தை எலும்பு' ஆகிவிட்டது.

எனக்கு இந்த எலும்புதான் உறுத்துகிறது. பள்ளியில் காது பாடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. இந்த மூன்றும் நடுச்செவியில் இருக்கும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய உண்மையான எலும்புகள். அடுத்த வரியில் நத்தை எலும்பு என்று வந்தால் பிள்ளைகள் அதை நான்காவது எலும்பாக எண்ணிக்கொள்வார்கள். காக்ளியா தனி எலும்பு அல்ல. பொட்டெலும்பின் மிகக் கெட்டியான பகுதிக்குள் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகக் குடைந்துபோகும் ஒரு சுரங்கம். அதற்குள் திரவம், திரவத்துக்குள் நீளவாக்கில் ஒரு சவ்வு, சவ்வின்மேல் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். நீட்டிப் பிடித்தால் மொத்தமும் மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆர்மோனியக் கட்டைகளைச் சுருட்டி வைத்ததுபோல, வாசல் பக்கம் கீச்சுக்குரல்களையும் உச்சிப் பக்கம் கனத்த குரல்களையும் வாங்கிக்கொள்ளும். இடத்துக்கு இடம் சுரம் மாறும் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்ததற்காகத்தான் கியோர்க் வான் பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

எலும்பு என்ற சொல் மருத்துவமனையிலும் வேலையைக் கெடுக்கிறது. "குழந்தை வளரும்போது எலும்பும் வளருமே, கம்பி இழுபடாதா?" என்று பெற்றோர் பயப்படுவது அதனால்தான். காக்ளியா பிறக்கும்போதே பெரியவர்களுக்கு இருக்கும் அளவில் இருக்கிறது, பிறகு வளர்வதில்லை. ஒரு வயதில் செருகிய கம்பி ஐம்பது வயதிலும் அதே சுருளுக்குப் பொருந்தும்.

எலும்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நத்தை. சங்க காலத்தில் இதற்கு நந்து என்ற சொல்லும் உண்டு. நத்தை, சங்கு இரண்டையும் அது குறிக்கும். உயிர்களை அறிவு வாரியாகப் பிரிக்கும் தொல்காப்பிய மரபியல், "நந்தும் முரளும் ஈரறி வினவே" என்கிறது. தொடு உணர்வும் நாவும் மட்டும் உள்ளவை என்று பொருள். செவியறிவு அந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. உண்மையில் நத்தைக்குக் காதே கிடையாது. கேட்கவே தெரியாத பிராணியின் பெயர் கேட்கும் உறுப்புக்கு வாய்த்திருக்கிறது. ஃபலோப்பியோ ஓட்டைப் பார்த்தார், பிராணியைப் பார்க்கவில்லை!

ஓடுதான் கணக்கு என்றால் சங்கு என்று சொல்லலாமா? ஆசையான யோசனைதான். வலக்காதின் சுருளும் இடக்காதின் சுருளும் கண்ணாடிப் பிம்பங்கள். ஒன்றை வலம்புரி என்றால் மற்றது இடம்புரி. ஆனால் 'செவிச்சங்கு' என்றால் பலர் வெளியே தெரியும் காதுமடலை நினைப்பார்கள், அல்லது காதில் வைத்துக் கடலோசை கேட்கும் சங்கை. எனவே என் ஓட்டு 'செவிநத்தை'க்கு. வடிவத்தை இன்னும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறவர்கள் 'நத்தைச்சுருள்' என்று எழுதலாம், அதுவும் நல்ல சொல்தான். 'செவிப்பறை' எவ்வளவு இயல்பாக நிலைத்துவிட்டது பாருங்கள். பறை போன்ற சவ்வு, அவ்வளவுதான்; அந்தச் சொல்லில் எலும்பும் இல்லை, தோலும் இல்லை.

இனி இரண்டாவது சொல், 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்பதில் வரும் இம்ப்ளான்ட், அதாவது உடலுக்குள் பொருத்தும் கருவி. காது கேளாதவர்களின் கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முயற்சி 1957இல் பாரிஸில் தொடங்கியது. மெல்பேர்னில் காது மருத்துவர் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978இல் ஒருவருக்குப் பொருத்தினார். அதற்கு முன் அவரை வாட்டிய கேள்வி, சுருளான சுரங்கத்துக்குள் கம்பியை எப்படி உடையாமல் நுழைப்பது என்பது. விடை கிடைத்தது கடற்கரையில். ஒரு சுருள் சிப்பியை எடுத்துப் புல் இதழ் ஒன்றை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி தளர்வாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. கம்பியையும் அப்படியே செய்தார்கள். கிரேக்கர்கள் நத்தைக்கு வைத்த பெயர், இரண்டாயிரம் ஆண்டு கழித்து அறுவை நுட்பத்துக்கு வழிகாட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கருவியைச் 'செயற்கைக் காது' என்று எழுதுவது மிகை. வெளியே இருக்கும் ஒலிவாங்கி ஓசையை வாங்கி, தோலுக்கு மேலிருந்து உள்ளே அனுப்புகிறது. செருகிய கம்பி நேராக நரம்பைத் தூண்டுகிறது. கேட்கும் கருவி எனப்படும் ஹியரிங் எய்ட் ஒலியைப் பெருக்கித் தருவதோடு நின்றுவிடும். இது அந்த வேலையைச் செய்வதே இல்லை. இரண்டையும் 'காது மிஷின்' என்று ஒன்றாகக் கட்டுவதால் குழப்பம் கூடுகிறது. இம்ப்ளான்டுக்குப் 'பதியம்' என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பதியம் போட்டால் வேர் பிடிக்கும், கம்பி வேர் பிடிக்காது. ஆகவே 'செவிநத்தைப் பதிகருவி' என்பதே பொருத்தமாகப் படுகிறது. நீளம்தான், பேச்சில் 'பதிகருவி' என்றால் போதும். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டின் வழியாகவே சிறு குழந்தைகளுக்கு இது பொருத்தப்படுவதால், இந்தச் சொல் விண்ணப்பப் படிவத்தில் எழுதவும் தேவைப்படுகிறது.

இனி வரப்போகும் சிகிச்சைகளைப் பார்த்தால், 'நத்தை எலும்பு' ஏன் உதவாது என்பது இன்னும் விளங்கும். இப்போதைய கம்பியில் 12 முதல் 22 மின்முனைகள் வரை இருக்கின்றன. ஆனால் திரவத்துக்குள் மின்சாரம் பரவிவிடுவதால் பக்கத்து மின்முனைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேச்சு புரியும், இசை கலங்கும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசர் குழு மின்சாரத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்திப் பார்க்கிறது. பாசியிலிருந்து கிடைத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவை முதலில் நரம்புச் செல்களுக்குள் ஏற்றுகிறார்கள். பிறகு நுண்விளக்குகளால் வேண்டிய இடத்தை மட்டும் தூண்டலாம். இதுவரை விலங்குகளில்தான் நடந்திருக்கிறது.

மனிதர்களிடமே பலன் தெரிந்தது மரபணு சிகிச்சை. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மயிர்ச்செல்கள் உயிரோடு இருக்கும், ஒலியையும் உணரும், ஆனால் செய்தியை நரம்புக்குக் கைமாற்றாது. தபால்காரர் வாசல் வரை வந்தும் கடிதத்தைத் தராமல் நிற்பதுபோல. இதற்குக் காரணமான மரபணு, அதைச் சுமந்துபோகும் வைரஸுக்குள் அடங்காத நீளம். அதனால் அதை இரண்டு துண்டாக்கி இரண்டு வைரஸ்களில் ஏற்றிச் செவிநத்தையின் திரவத்துக்குள் செலுத்துகிறார்கள். துண்டுகள் செல்லுக்குள் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படி ஒரு காதில் மருந்து பெற்ற ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்பு திரும்பியதாக 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையில் இந்தக் குறைபாட்டின் பங்கு சிறியதுதான். என்றாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. நம் ஊருக்கு அந்நியமான நோய் அல்ல.

மயிர்ச்செல்கள் செத்தே போயிருந்தால்? அங்கேதான் கதவு இன்னும் திறக்கவில்லை. கோழிக்கும் காடைக்கும் அவை மறுபடி முளைப்பதை 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளின் செவிநத்தையில் முளைப்பதில்லை. முளைக்க வைக்க முயன்ற ஒரு மருந்து 2023இல் மனிதச் சோதனையில் தோற்றுக் கைவிடப்பட்டது. வேறு குழுக்கள் தொடர்கின்றன. என்றைக்காவது செல்களே அங்கே வேர் பிடித்தால், அந்தச் சிகிச்சையைப் 'பதியம்' என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்காது.