படம் எடுப்பவரும் ஒரு நாள் படத்துக்கு உட்கார வேண்டும்

"எனக்கு ஃபோட்டோவில் முகம் நன்றாக விழாது" என்று சொல்லிக்கொண்டே ஸ்டுடியோவுக்குள் வருகிறவர்களை, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். அவர்களுடைய விறைப்புக்குக் கூச்சம்தான் காரணம் என்று எண்ணி, லைட்டையும் லென்ஸையும் மாற்றிப் பார்ப்பது நம்மிடையே உள்ள வழக்கம். புதிதாக வாங்கிய சாஃப்ட்பாக்ஸை (லைட்டின் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) சோதிப்பதற்காக, உதவியாளரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு நானே ஸ்டூலில் உட்கார்ந்தபோது, அந்த விறைப்பில் பெரும்பங்கை உண்டாக்குபவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்தான் என்பது விளங்கியது. இப்போதெல்லாம் என்னிடம் வேலை கற்க வருபவர்களை, கேமராவைத் தொடவிடும் முன்பு மாடலாக உட்காரவைத்துவிடுகிறேன்.

இது புதிய யோசனை அல்ல. 1839இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் தன் கேமராவின் முன் தானே நின்று எடுத்துக்கொண்ட படம், இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய உருவப்படங்களுள் ஒன்று. அந்தக் காலத்தில் படம் பதியும்வரை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. இன்றைய ஃபிளாஷ் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கிலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் ஒரு ஃபிளாஷுக்கும் அடுத்த ஃபிளாஷுக்கும் இடையிலான நேரம்தான் உட்கார்ந்திருப்பவரை வாட்டுகிறது.

படம் எடுத்தவுடன் உதவியாளர் கேமராவின் திரையைக் குனிந்து பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார், ஒன்றும் பேசாமல் டயலைத் திருகினார். அவர் பார்த்தது ஹிஸ்டோகிராமையோ (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்), கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா என்பதையோதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், அந்தச் சுருங்கிய புருவம் என் முகத்தைப் பற்றிய தீர்ப்பாகவே எனக்குப் பட்டது. தொழில் தெரிந்தவனுக்கே இப்படி என்றால், கனத்த பட்டுப்புடவையிலும் நகையிலும் வரவேற்பு மேடையில் மணிக்கணக்காக நிற்கும் மணப்பெண் அந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வார்? "லைட்டைக் கொஞ்சம் குறைக்கிறேன்மா, நீங்க அப்படியே இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்காகத் திரையைப் பார்க்காமலேயே ஒவ்வொரு படத்துக்கும் "சூப்பர், சூப்பர்" என்று அடுக்குவதும் பயன்படாது. கொஞ்ச நேரத்தில் அதை யாரும் நம்புவதில்லை.

அடுத்த சிக்கல் திசை. "அண்ணே, கொஞ்சம் ரைட்ல திரும்புங்க" என்றார் உதவியாளர். யாருடைய ரைட்? நான் என் வலப்பக்கம் திரும்ப, அவர் "அந்தப் பக்கம் இல்லண்ணே" என்றார். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு வலமும் இடமும் மாறும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்தவுடன் அது மறந்துவிடுகிறது. "ஜன்னலைப் பாருங்க", "அம்மா நிற்கிற பக்கம் திரும்புங்க" என்றால் குழப்பமே இல்லை. தாடையை முன்னே நீட்டி லேசாக இறக்கச் சொல்வதும் அப்படித்தான்: படத்தில் தாடைக்கோடு எடுப்பாகத் தெரியும், ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கோ ஓட்டிலிருந்து தலையை நீட்டும் ஆமையைப் போன்ற உணர்வுதான் வரும். காரணத்தை முன்கூட்டியே சொன்னால் ஒத்துழைப்பார்கள். சிரிப்பையும் ஃபோகஸ் தயாரான பிறகு கேளுங்கள். பிடித்துவைத்த சிரிப்பில் உதடு மட்டும் மிஞ்சும், கண் விலகிவிடும்.

முகம் பெரிதாக, மூக்கு பரந்து விழுகிறது என்ற குறையை லென்ஸின் தலையில் போட்டுவிடுகிறோம்; உண்மையில் அது தூரத்தின் வேலை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்றும், 5 அடி தள்ளி எடுத்தால் அந்த வேறுபாடு இருக்காது என்றும் கணக்கிட்டது. ஆகவே, தள்ளி நின்றாலும் முகத்தைப் பெரிதாகப் பிடிக்கும் 85 எம்எம் லென்ஸுடன் பின்னால் நகர்ந்து நிற்பது முகத்துக்கு மட்டுமல்லாமல், மூச்சு முட்ட நெருங்காததால் மனத்துக்கும் நல்லது. இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் தன் படம் தனக்கே அந்நியமாகத் தெரியலாம்; நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தை அல்லவா?

உதவியாளர் கேட்காமலேயே என் காலரைச் சரிசெய்யக் கை நீட்டியபோது, பல காலம் பழகியவர் என்றாலும், உடம்பு தானாகப் பின்வாங்கியது. முந்தானையையோ நெற்றிச்சுட்டியையோ சரிசெய்ய வேண்டுமானால் வாயால் சொல்லுங்கள். கை வைத்தே ஆகவேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள், அல்லது உடன் வந்திருக்கும் பெண்ணைச் செய்யச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பது என் கருத்து.

எடுத்து முடித்ததும் என் மனத்தில் எழுந்த கேள்வி, இந்தப் படங்களை இனி யார் பார்ப்பார்கள் என்பதே. நம்மில் பலர் அறியாத ஒன்று இங்கே உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்ன அவரே. "நான் எடுத்த படம், என் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன்" என்பது அதனால் எளிதில் செல்லாது. இன்ஸ்டாகிராம், கடைவாசல் ஃபிளெக்ஸ், மாதிரி ஆல்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் தனித்தனி வரி வைத்து, எதிரே "சம்மதம்", "வேண்டாம்" என்று இரண்டு கட்டங்கள் போட்டுவிடுங்கள். கையெழுத்தை அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே வாங்குவது நல்லது. ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால், மனமில்லாதவர்களும் மறுக்கக் கூச்சப்பட்டுச் சம்மதம் சொல்லிவிடுவார்கள்.