டாம்கேட்டும் முன்னெழுத்தும்

"ஒரே டாம்கேட்டில் மூன்று அப்ளிகேஷன்கள் ஓடுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் மற்ற இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகின்றன. ஆனால் இப்படிப் பத்துப் பதினைந்து முறை மாற்றினால் மெமரி தீர்ந்து மூன்றும் சேர்ந்து விழுகின்றன. பழையதைத்தான் எடுத்துவிட்டோமே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விபோலத் தெரிந்தாலும் விடை ஒன்றுதான்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். டாம்கேட் ஜாவாவில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் வெப் சர்வர். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது. 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் விலங்காக இருக்கட்டும் என்றுதான் கடுவன் பூனையின் பெயரை வைத்தாராம். பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை 8080ஆம் போர்ட்டில் காத்திருக்கும் கயோட்டி என்ற பகுதி வாங்கிப் பிரித்து, கேட்டலீனா என்ற பகுதியிடம் கொடுக்கும். நாம் எழுதிய சர்வ்லெட்டை, அதாவது கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் ஜாவா நிரலை, கூப்பிடுவது கேட்டலீனாவின் வேலை. கூப்பிடுவதற்கான த்ரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை செய்யும் பணியாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) டாம்கேட்டே உருவாக்கி வைத்திருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 200. இந்த த்ரெட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாக வரப்போகின்றன.

அப்ளிகேஷன் என்று நாம் கொடுப்பது ஒரு வார் ஃபைல். பெயர்தான் பயங்கரம், உள்ளே வெறும் ஜிப். அதற்குள் வெப்-இன்ஃப் என்று ஒரு ஃபோல்டர். நம் சொந்த கிளாஸ்களும் (ஜாவா நிரலின் அடிப்படைத் துண்டுகள்), பிறர் எழுதி நமக்கு வேண்டிய லைப்ரரிகளின் ஜார் ஃபைல்களும் அதில் இருக்கும். மூன்று அப்ளிகேஷன்களும் ஓடுவது, ஜாவா நிரல்களை ஓட்டும் ஒரே ஜேவிஎம்மில், ஒரே ப்ராசஸில். ஒன்று ஒரு லைப்ரரியின் பழைய வெர்ஷனைக் கொண்டுவருகிறது, இன்னொன்று புதியதை. கிளாஸ்களின் பெயர்கள் எழுத்து மாறாமல் ஒன்றே. மோதிக்கொள்ள வேண்டாமா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜாவாவில் ஒரு கிளாஸுக்குப் பெயர் மட்டும் அடையாளம் ஆகாது. அதை உள்ளே கொண்டுவந்த கிளாஸ்லோடர் யார் என்பதும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் முன்னெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவோமே, அதே கதை. ஜேவிஎம்மைப் பொறுத்தவரை எஸ். குமார் வேறு, கே. குமார் வேறு. ஆனால் பழைய ஜாவாவின் பிழைச்செய்திகளில் இந்த முன்னெழுத்து தெரியாது. 'யூசர் என்ற கிளாஸை யூசர் என்ற கிளாஸாக மாற்ற முடியாது' என்று ஒரு முறை திரையில் வந்து நின்றது. இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு ஒரு பிற்பகலையே தொலைத்திருக்கிறேன். புதிய ஜாவாக்கள் லோடரையும் சேர்த்துச் சொல்கின்றன, புண்ணியம்.

டாம்கேட் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு லோடரைப் புதிதாக உருவாக்குகிறது. சாதாரணமாக ஜாவாவின் லோடர் பெரியவர் பேச்சு கேட்கும் பிள்ளை. ஒரு கிளாஸ் வேண்டுமென்றால் முதலில் தன் பெற்றோர் லோடரைக் கேட்கும், அங்கே இல்லாவிட்டால்தான் தன் பையைத் துழாவும். டாம்கேட்டின் லோடர் இந்த மரியாதையைத் தலைகீழாக்குகிறது. முதலில் தன் வெப்-இன்ஃப், பிறகுதான் பெற்றோர். ஆனால் ஜாவாவின் சொந்த கிளாஸ்களுக்கு இந்தத் துடுக்கு செல்லாது. ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸுக்குப் போலி ஒன்றைச் செய்து யாரும் உள்ளே விட முடியாது.

இன்னொரு விலக்கு இதைவிட அழகு. சர்வ்லெட் என்ற இன்டர்ஃபேஸை, அதாவது சர்வ்லெட்டுகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய ஒப்பந்தத்தை, அப்ளிகேஷன் தன் ஜாரிலேயே வைத்திருந்தாலும் டாம்கேட் அதைத் தொடாது. தொட்டால் என்ன ஆகும்? நம் கிளாஸ் 'நான் சர்வ்லெட்' என்று சொல்லும், ஆனால் அது சொல்வது வேறு முன்னெழுத்துள்ள சர்வ்லெட். கேட்டலீனாவுக்கு அடையாளமே தெரியாது. இரு தரப்பும் பேசிக்கொள்ள வேண்டிய சொற்கள் மட்டும் பொதுவாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு கிளாஸை மட்டும் மெமரியிலிருந்து நீக்க ஜாவாவில் கட்டளை கிடையாது. அதன் லோடரை யாருமே பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்ற நிலை வந்தால், வேண்டாததைக் கூட்டித் தள்ளும் கார்பேஜ் கலெக்டர் லோடரையும் அது கொண்டுவந்த அத்தனை கிளாஸ்களையும் ஒன்றாக வாரிக்கொண்டு போகும். பழைய அப்ளிகேஷனை எடுக்கும்போது டாம்கேட் அதன் லோடரைக் கைவிடுவது இதை நம்பித்தான். ஆனால் ஒரு கிளாஸிலிருந்து உருவாகும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன் கிளாஸைப் பிடித்திருக்கிறது, கிளாஸ் தன் லோடரை, லோடர் தன் எல்லா கிளாஸ்களையும். வெளியே யாராவது ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டை விடாமல் வைத்திருந்தால் போதும், நூல் வழியே மொத்தச் சேலையும் வரும்.

அந்த 200 த்ரெட்டுகள் இங்கேதான் வருகின்றன. அவை டாம்கேட்டின் சொத்து, அப்ளிகேஷன் போன பிறகும் இருக்கும். நம் கோட், தன் சொந்த கிளாஸில் உருவான ஒரு சின்ன ஆப்ஜெக்ட்டை த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் உள்ள தனி இடம்) வைத்துவிட்டு எடுக்க மறந்தால், த்ரெட்டின் சட்டைப்பையில் பழைய அப்ளிகேஷன் முழுதும் உட்கார்ந்திருக்கும். டேட்டாபேஸுடன் பேச உதவும் ஜேடிபிசி டிரைவரும் அப்படியே. ஜாவாவின் டிரைவர்மேனேஜரில் பெயர் பதிந்துவிட்டுப் பதிவை நீக்காமல் போய்விடும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரு பேய் அப்ளிகேஷன் சேரும். மெமரி தீர்வது இப்படித்தான், இதற்குப் பெயர் மெமரி லீக்.

டாம்கேட் குழு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 6.0.24 வெர்ஷனிலிருந்து, மறந்த டிரைவர்களை அதுவே நீக்கி, லாக்கில் (சர்வரின் குறிப்பேட்டில்) நம்மைத் திட்டவும் செய்கிறது. டாம்கேட் 7 இன்னும் ஒரு படி போய், அப்ளிகேஷன் நின்றதும் த்ரெட்டுகளையே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கிறது. 2014இல் வந்த ஜாவா 8 கிளாஸ்களை வைக்கும் இடத்துக்கு இருந்த பழைய உச்சவரம்பை எடுத்துவிட்டது. 'லீக் போய்விட்டது' என்று சிலர் கொண்டாடினார்கள். போகவில்லை, விழுவதற்கு முன் இன்னும் நிறைய மெமரியைத் தின்னக் கற்றுக்கொண்டது.

பல இடங்களில் இதற்குச் செய்யும் வைத்தியம், நள்ளிரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஒரு க்ரான், அதாவது குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை. ஏன் என்று கேட்டால் 'எப்போதும் அப்படித்தான்' என்பார்கள். பரிகாரம் என்றால் இதுதான் பரிகாரம்.

இந்தத் தனிக்குடித்தனத்துக்கு விலையும் உண்டு. 2021 டிசம்பரில் லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு வார் ஃபைலும் தன் மடியில் தனிப் பிரதி வைத்திருந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. உலகம் முழுக்கப் பயன்படுத்திய அந்த லைப்ரரியைப் பராமரித்தது ஒரு கைப்பிடி தன்னார்வலர்கள். அதன் மேல் லாபம் பார்த்த நிறுவனங்கள் சம்பளம் கொடுக்க வேண்டிய வேலை அது என்பது என் கட்சி.

வாசகருக்கு: டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில் லீக் தேடும் பட்டன் ஒன்று இருக்கிறது. அது முழு கார்பேஜ் கலெக்ஷனைத் தூண்டும் என்பதால், பயனர்கள் உள்ளே இருக்கும்போது அழுத்த வேண்டாம். பழைய அப்ளிகேஷனின் பெயர் அங்கே வந்தால் ஒரு ஹீப் டம்ப், அதாவது மெமரியின் நகல், எடுங்கள். அதில் வெப்ஆப்கிளாஸ்லோடர் (ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் டாம்கேட் உருவாக்கும் அந்த லோடர்) என்று தேடுங்கள். ஓடுவது மூன்று, கிடைப்பது பதினான்கு என்றால் மிச்சம் பதினொன்றும் பேய்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று மேலே மேலே போங்கள். நான் போனபோது உச்சியில் இருந்தது, யாரும் நிறுத்தாத ஒரு டைமர் த்ரெட். தொடங்கி வைத்த வரியை எழுதியவன் நான்தான்.