வரியில் கழியும் என்பதற்காகச் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள்

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் திருமண அழைப்பிதழ்கள் அச்சடிக்கும் பெரியவர் ஒருவர், ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காக, வழக்கம்போல் தம் பற்றுச்சீட்டுகளையெல்லாம் ஒரு முறுக்கு டின்னில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஆர்டர்களையும் பாக்கித் தொகைகளையும் குறித்து வைக்கும் மென்பொருளுக்கான கட்டணச்சீட்டு டின்னின் அடியில் கிடந்தது. நான்கு பயனர்கள், ஆளுக்கு மாதம் 65 வெள்ளி, ஆக ஆண்டுக்கு 3,120 வெள்ளி. சென்ற ஆண்டு ஆளுக்கு 55 வெள்ளி வீதம் 2,640 வெள்ளிதான் கட்டியிருந்தார். விலையேற்றத்தை அறிவித்த மின்னஞ்சல் புதுப்பிப்புக்கு இரண்டு மாதம் முன்பே வந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

480 வெள்ளி கூடியிருக்கிறதே என்று நான் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, "அதான் வரியில கழிச்சிடுவீங்களே தம்பி, அப்புறம் என்ன நட்டம்?" என்றார்.

இந்தக் கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் ஏழு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இருபது ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு, வேறெந்தத் தவறான நம்பிக்கையும் இவ்வளவு எரிச்சலூட்டியதில்லை. ஆகவே, சற்று நீளமாகவே விளக்குகிறேன்.

செலவை வரியில் கழிப்பது என்றால், அந்தச் செலவு முழுவதையும் அரசாங்கம் திருப்பித் தருகிறது என்று பொருளல்ல. உங்கள் இலாபம் அந்த அளவுக்குக் குறைகிறது. குறைந்த இலாபத்துக்கு உரிய வரி மட்டுமே மிச்சமாகிறது. சிங்கப்பூரில் நிறுவன வருமான வரி 17 விழுக்காடு. ஆனால், சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக்கூட முழுமையாகக் கட்டுவதில்லை. வரிக்குரிய வருமானத்தில் முதல் 10,000 வெள்ளிக்கு 75 விழுக்காடும், அடுத்த 190,000 வெள்ளிக்குப் பாதியும் விலக்காகிவிடுகின்றன. பெரியவருடைய நிறுவனத்துக்கு அந்த வருமானம் ஏறத்தாழ 60,000 வெள்ளி. எனவே, அவர் கூடுதலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் மிச்சமாகும் வரி எட்டரைக் காசு. 3,120 வெள்ளி கட்டினால் வரியில் 265 வெள்ளி குறையும். மீதி 2,855 வெள்ளி அவருடைய சொந்தப் பணம். 2024, 2025 வரி மதிப்பீட்டு ஆண்டுகளில் நிறுவனங்களுக்கு 50 விழுக்காட்டுத் தள்ளுபடி கிடைத்ததே, அத்தகைய ஆண்டில் அந்த 265 வெள்ளியும் பாதியாகிவிடும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களின் நிலை இதைவிட மோசம்: தகுதி பெற்றவற்றுக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் முதல் 100,000 வெள்ளியில் 75 விழுக்காடு விலக்கு இருப்பதால், ஒரு வெள்ளிச் செலவுக்கு நாலேகால் காசுதான் மிஞ்சும். நாலேகால் காசை மிச்சப்படுத்த ஒரு வெள்ளியைக் கொடுப்பதைத் தேக்காச் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குப் பத்துக் காசு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற அதே மனிதர் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனை ஆண்டு கட்டிய பணம் வீணாகிவிடுமே என்பது அடுத்த வாதம். அந்தப் பணம் போய்விட்டது. இனித் தொடர்ந்து கட்டுவதால் அது திரும்பி வராது.

பெரியவரின் கணக்கில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. நான்கு பயனர்களும் யார் யார் என்று கேட்டேன். ஒருவர் அவர், இன்னொருவர் அவருடைய மருமகள். மற்ற இருவரும் வேலையைவிட்டுப் போய் ஓராண்டுக்கு மேலாகிறது. 480 வெள்ளி விலையேற்றத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் திறக்காத இரண்டு கணக்குகளுக்காக 1,560 வெள்ளி போய்க்கொண்டிருந்தது. விலை ஏறினால் நிறுத்துவதா, தொடர்வதா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால், யார் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொருவரும் கடைசியாக உள்நுழைந்த தேதி பெரும்பாலும் இருக்கும்.

விலை ஏன் ஏறியது என்பதையும் படியுங்கள். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மைக்ரோசாஃப்ட் தன் 365 தனிநபர், குடும்பச் சந்தாக்களில் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்துச் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளில் விலையை உயர்த்தியது. கூகல் ஒர்க்ஸ்பேஸும் 2025 ஜனவரியில் ஜெமினி என்னும் தன் செயற்கை நுண்ணறிவு வசதியை உள்ளடக்கி, தன் நடுத்தர வணிகத் திட்டத்தின் அடிப்படை விலையை ஆளுக்கு மாதம் 12 அமெரிக்க வெள்ளியிலிருந்து 14 ஆக்கியது. நீங்கள் கேட்காத வசதிக்குத்தான் விலை ஏறியிருக்கிறது என்றால், அது இல்லாத பழைய திட்டம் இன்னும் உண்டா என்று தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடுத்தபோது, கோபைலட் இல்லாத மலிவான திட்டம் சந்தாவை ரத்துசெய்யத் தொடங்கியவர்களின் கண்ணுக்கு மட்டுமே தென்பட்டது என்றே குற்றஞ்சாட்டியது. ஆகவே, ரத்துப் பக்கம்வரை போய்ப் பார்ப்பதில் தவறில்லை. இறுதிப் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள்.

மாதந்தோறும் பணம் எடுக்கப்படுவதால் அது மாதச் சந்தா ஆகிவிடாது. ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டு மாதத் தவணையில் கட்டும் திட்டத்தை நடுவில் முறித்தால் அபராதம் வரக்கூடும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் அந்நாட்டு நீதித் துறை 2024 ஜூனில் அடோபி என்னும் மென்பொருள் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கின் மையக் குற்றச்சாட்டே, இத்தகைய திட்டத்தின் முறிப்புக் கட்டணத்தைப் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான். கைப்பேசியிலிருந்து செயலியை அழிப்பதும், கடன்பற்று அட்டையை மாற்றுவதும் ரத்து ஆகா. பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன் என்பவர்களுக்கு ஒரு சொல்: நம் நியாய வணிகச் சட்டம் தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்கானது, நிறுவனத்தின் பெயரில், தொழிலுக்காக வாங்கியதற்கு அது துணை நிற்காது.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்கள் கட்டணச்சீட்டின் கடைசி வரிகளையும் பாருங்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. அந்த வரிக்குப் பதிவுசெய்த நிறுவனமாக இருந்தால் உங்கள் பதிவு எண்ணை விற்பனையாளரிடம் கொடுங்கள், அவர் வரியைச் சேர்க்கமாட்டார். எண்ணைக் கொடுக்காமல் கட்டிவிட்டு, உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்டவேண்டிய பொருள் சேவை வரியிலிருந்து கழித்து, எடுத்துத் தாருங்கள் என்று காலாண்டு முடிவில் என்னிடம் வராதீர்கள்; அதை விற்பனையாளரிடமிருந்துதான் திரும்பப் பெறவேண்டும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறிய கோபத்தில், மாதம் 30 வெள்ளியை மிச்சப்படுத்தப்போய்ப் பட்டபாடும் எனக்குத் தெரியும். ஒரு துணைப்பாட நிலையத்தின் உரிமையாளர், கட்டண வசூலைக் கவனித்த மென்பொருளைத் தரவிறக்கம் எதுவும் செய்யாமலேயே நிறுத்திவிட்டார். அங்கு வேலைபார்க்கும் அம்மையார் மூன்று சனி, ஞாயிறுகள் உட்கார்ந்து, மாணவர் விவரங்களைக் காகித ரசீதுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். கணக்கு மென்பொருளாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பதிவேடுகளைக் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும் என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். சந்தாவை நிறுத்திவிட்டோம், உள்ளே போகமுடியவில்லை என்பது அங்கே எடுபடாது. முதலில் பேரேடு, கட்டணச்சீட்டுகள், சம்பள விவரங்கள் அனைத்தையும் இறக்கி, திறந்து பார்த்து, வேறோர் இடத்திலும் சேமியுங்கள். தயவுசெய்து நிதியாண்டின் நடுவில் மாற்றாதீர்கள். இரண்டு மென்பொருள்களில் பாதிப் பாதியாகக் கிடக்கும் ஆண்டை ஒட்டுப்போட நான் வாங்கும் கூலி, நீங்கள் மிச்சம்பிடித்ததைவிடக் கூடுதலாக இருக்கும். பொருள் சேவை வரிக்கு விருப்பத்தின்பேரில் புதிதாகப் பதிவுசெய்ய எண்ணுகிறவர்கள், வாங்கப்போகும் மென்பொருள் இன்வாய்ஸ்நவ் என்னும் மின்-கட்டணச்சீட்டுக் கட்டமைப்பு வழியாக விவரங்களை அனுப்பக்கூடியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் அத்தகையோர் அனைவருக்கும் அது கட்டாயம்.

பெரியவருக்கு அந்த மென்பொருள் தேவைதான். அழைப்பிதழ்ப் பருவத்தில் நாற்பது ஆர்டர்களை நினைவில் வைத்து நடத்த முடியாது. மருமகளுக்கும் அது பழகிவிட்டது. இரண்டு பயனர்களுக்கு ஆண்டுக்கு 1,560 வெள்ளி அவர் தொழிலுக்குத் தகும் என்றே நானும் சொன்னேன். ஆனால், அவருடையதும் ஆண்டு ஒப்பந்தம். புதுப்பித்து ஐந்து வாரமாகிவிட்டதால் எண்ணிக்கையைக் குறைக்க இப்போது வழியில்லை. கடையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அடுத்த புதுப்பிப்புக்கு ஒரு மாதம் முந்திய தாளைத் தேடி, சிவப்பு மையால் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை, வேலையைவிட்டுப் போன இருவருக்காக மாதம் 130 வெள்ளி போய்க்கொண்டுதான் இருக்கும்.